வலையில் கிடைப்பதும் மேசையில் நிற்பதும்: சேலம், நாமக்கல் ஆய்வகங்களுக்கு இணையம் தருவது என்ன?

2022 மார்ச் 7ஆம் தேதி, சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரிலுள்ள மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு குளவியைத் திறந்துவிட்டார்கள். அனாகைரஸ் லோபெசி என்று பெயர். ஓரிரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து பெங்களூருவின் தேசிய வேளாண் பூச்சி வளப் பணியகம் 2021இல் அதை வரவழைத்து வளர்த்திருந்தது. இந்தியாவில் முதன்முதலாக 2020இல் கேரளத்தின் திருச்சூரில் பதிவான மரவள்ளி மாவுப்பூச்சி, அதற்குள் சேலம், நாமக்கல் பக்கத்துக் குச்சிக்கிழங்குக் காடுகளில் குருத்தைச் சுருட்டிவிட்டது. ஜவ்வரிசி ஆலைகளுக்குக் கிழங்கு போகிற ஊர்களில் இது சின்ன விஷயமில்லை.

இந்தக் கதையில் குளவியைவிட முக்கியமானது பூச்சியின் பெயர். தமிழ்நாட்டு விவசாயிக்கு மாவுப்பூச்சி புதிதல்ல. 2008இல் கோவைப் பக்கம் நுழைந்த பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளியையும் விட்டுவைக்கவில்லை. அதற்கு வேறு குளவி. இதற்கு வேறு. இனத்தைத் தப்பாகச் சொன்னால் குளவி பட்டினி கிடக்கும், பூச்சி பெருகும். ஆப்பிரிக்காவில் 1970களில் நடந்தது அதுதான். பூச்சியின் தாயகத்தைத் தேடித் தென்னமெரிக்காவின் வடபகுதிக்குப் போனவர்களுக்கு ஒரு மாவுப்பூச்சி கிடைத்தது, அதன் ஒட்டுண்ணிகளைக் கொண்டுவந்து விட்டார்கள், எதுவும் நடக்கவில்லை. அது வேறு இனம் என்று பிறகுதான் தெரிந்தது. சரியான பூச்சி 1981இல் பராகுவேயில் அகப்பட்டது. அங்கிருந்து வந்த குளவியை ஆப்பிரிக்கக் கண்டம் முழுவதும் பரப்பிய ஹன்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார்.

அன்று இனம் அறிய ஆண்டுகள் ஆயின. இன்று ஏத்தாப்பூர்க் காட்டில் பூச்சியைப் பிடித்த மாணவி என்ன செய்வாள்? செதில் பூச்சிகள், மாவுப்பூச்சிகள் அனைத்துக்குமான ஸ்கேல்நெட் தரவுத்தளத்தில் எந்தப் பயிரில் எந்த இனம், எந்த நாட்டில் என்று பார்ப்பாள். மைட்டோகாண்டிரியாவின் சிஓஐ மரபணுத் துண்டை வரிசைப்படுத்தி, கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த 'போல்ட்' பட்டைக்குறித் தளத்திலும் ஜென்பேங்கிலும் ஒப்பிடுவாள். காபி (CABI) அமைப்பின் ஆக்கிரமிப்பு உயிரினத் தொகுப்பில் பரவிய வரலாறு கிடைக்கும். எல்லாம் இலவசம். அதன்பிறகும் கண்ணாடித் தகட்டில் பூச்சியை ஏற்றி, நுண்ணோக்கியில் துளைகளையும் மயிர்களையும் எண்ணும் வகைப்பாட்டியலாளர் ஒருவர் 'ஆமாம்' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஆளை எந்த வலைத்தளமும் வேலையிலிருந்து நீக்கவில்லை.

இந்தச் சமவெளியில் ஆய்வகங்களுக்குப் பஞ்சமில்லை. சேலத்தில் 1997இல் தொடங்கிய பெரியார் பல்கலைக்கழகம், நாமக்கல்லில் 1985 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரி, தலைவாசலில் கால்நடை ஆராய்ச்சி வளாகம், திருச்செங்கோடு, ராசிபுரம், குமாரபாளையம் பக்கத்து எண்ணற்ற தனியார் கல்லூரிகள். இங்குள்ளவர்கள் சொல்லும் குறை பெரும்பாலும் கருவியையும் ரசாயனத்தையும் பற்றியது. இணைய வளம் போதவில்லை என்று எவரும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. என் கவலை வேறு. ஒவ்வொரு தளத்துக்குப் பின்னாலும் யார் பொறுப்பு என்று கேட்காமலே எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்கொள்வதோடு நின்றும்விடுகிறோம்.

பொறுப்பு என்று நான் சொல்வதை ஜென்பேங்கை வைத்தே விளக்கலாம். 1982இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த மரபணு வரிசைக் களஞ்சியம், ஐரோப்பிய, ஜப்பானியக் களஞ்சியங்களோடு தினமும் தரவு பரிமாறிக்கொள்கிறது. உயிரியல் ஆய்வகங்களின் அன்றாடம் இதில்தான் ஓடுகிறது. ஆனால் இது ஒரு பதிவாளர் அலுவலகம் மாதிரி. பத்திரத்தைப் பதிவு செய்வார்கள். நிலம் உங்களுடையதுதானா என்று சான்று தரமாட்டார்கள். வரிசையை அனுப்பியவர் என்ன பெயர் கொடுத்தாரோ அதுவே பெரும்பாலும் நிற்கும். தப்பு என்று தெரிந்தாலும் அனுப்பியவர்தான் திருத்த வேண்டும். இதற்கு எதிர்முனையில் சுவிஸ்-புரோட் இருக்கிறது. 1986 முதல் ஆட்கள் உட்கார்ந்து, கட்டுரைகளைப் படித்து, ஒவ்வொரு புரதத்துக்கும் குறிப்பெழுதுகிறார்கள். அதில் இருப்பவை சில லட்சம் பதிவுகள். அது இடம்பெறும் யூனிபுரோட் தளத்திலேயே கணினி தானாகக் குறிப்பெழுதிய பதிவுகள் கோடிக்கணக்கில். இரண்டும் ஒரே தேடலில் வரும். பக்கத்தின் மேலே 'சரிபார்த்தது', 'சரிபார்க்காதது' என்று அடையாளம் போட்டிருப்பார்கள். ஆய்வேட்டில் எழுதும்போது அந்த அடையாளம் காணாமல் போய்விடும்.

பிளாஸ்ட் விஷயத்துக்கு வருவோம். 1990இல் வந்த இந்த ஒப்பீட்டு நிரல் இல்லாமல் இன்று ஒரு முதுநிலைத் திட்டப்பணிகூட முடிவதில்லை. மண்ணிலிருந்தோ சேகோ ஆலைக் கழிவுநீரிலிருந்தோ ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுக்கிறார்கள். 16எஸ் மரபணுவை வெளியே அனுப்பி வரிசைப்படுத்தி வாங்குகிறார்கள். பிளாஸ்டில் போடுகிறார்கள். முதல் வரியில் 99 சதவீதம் என்று வந்த பெயரை அப்படியே எழுதிவிடுகிறார்கள். அந்த 99, வரிசையில் எத்தனை பங்குக்குப் பொருந்துகிறது என்பது பக்கத்துப் பத்தியில் இருக்கிறது; அதைப் படிப்பவர் குறைவு. 16எஸ் மட்டும் வைத்து ஈ.கோலியையும் ஷிகெல்லாவையும் பிரிக்க முடியாது. பேசில்லஸ் சீரியஸ் குடும்பத்திலும் இதே சங்கடம். பெயர் செல்லுபடியாகுமா என்று பார்க்க எல்பிஎஸ்என் என்ற பட்டியல் இருக்கிறது. பிரான்சின் துலூஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த எசேபி என்ற ஆசிரியர் பல ஆண்டுகள் பராமரித்த தளம் அது. இப்போது ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் நடத்துகிறது. கால்நடைக் கல்லூரி ஆசிரியர் ஒருவர் உலகத்து நுண்ணுயிரியலாளர்கள் அனைவருக்கும் பெயர்ப் பட்டியல் பராமரித்திருக்கிறார் என்பது நாமக்கல்லில் கொஞ்சம் உரக்கச் சொல்ல வேண்டிய செய்தி.

நாமக்கல் என்றதும் கோழி. கோழி என்றால் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்று புத்தகங்களிலும், நியூகாசில் நோய் என்று உலகத்திலும் அறியப்படுவது. பண்ணையில் கோழி சாகிறது; மாதிரி ஆய்வகத்துக்கு வருகிறது; பிசிஆர் போடுகிறார்கள்; பேண்ட் வருகிறது. வைரஸ் இருக்கிறது, சரி. வீரியமுள்ள காட்டு வைரஸா, தடுப்பூசி வைரஸா? உலக விலங்கு நல அமைப்பின் ஆய்வகக் கையேடு இணையத்தில் முழுக்க இலவசமாகக் கிடைக்கிறது. கால்நடை ஆய்வகத்தில் வேலை செய்பவர் எந்த ஒரு பக்கத்தையும் புத்தகக்குறியிட்டு வைக்கலாம் என்றால் அது இதுதான். வைரஸின் எஃப் புரதத்தில் 112 முதல் 117 வரையிலான அமினோ அமிலங்களைப் பாருங்கள் என்கிறது அது. அங்கே காரத்தன்மையுள்ள அமிலங்கள் அடுக்கி நின்று 117இல் ஃபினைல்அலனின் இருந்தால் வீரியமானது. லசோட்டா தடுப்பூசி வைரஸில் அந்த இடம் 'ஜி-ஆர்-கியூ-ஜி-ஆர்-எல்' என்று படிக்கும். வீரிய வைரஸில் 'ஆர்-ஆர்-கியூ-கே-ஆர்-எஃப்'. ஆறெழுத்தில் தீர்ப்பு.

இங்கேதான் உள்ளூர் அறிவு வேண்டும். நம் பண்ணைகளில் எட்டு வாரம் தாண்டிய முட்டைக்கோழிகளுக்கு ஆர்2பி என்ற தடுப்பூசி போடும் வழக்கம் உண்டு. முக்தேசுவரில் உருவான அந்தப் பழைய வைரஸ் வகையின் அதே இடமும் 'ஆர்-ஆர்-கியூ-கே-ஆர்-எஃப்' என்றே படிக்கும். ஆறெழுத்தை மட்டும் பார்த்தவர், தடுப்பூசி வைரஸைப் பிடித்து வைத்துக்கொண்டு 'வீரிய வைரஸ் பரவுகிறது' என்று அறிக்கை எழுதக்கூடும். ஜென்பேங்கில் ஆர்2பியின் வரிசை இருக்கிறது. எஃப் மரபணுவை முழுதாக அதோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும். ஆனால் ஒப்பிடத் தோன்ற வேண்டுமே. பண்ணையின் தடுப்பூசிப் பதிவேட்டைக் கேட்டு வாங்கியவருக்குத்தான் தோன்றும்.

தீவனப் பக்கத்தில் ஃபீடிபீடியா என்ற தளம் உண்டு. பிரெஞ்சு ஆய்வு நிறுவனங்களும் உலக உணவு வேளாண் நிறுவனமும் சேர்ந்து வளர்த்தது. மக்காச்சோளம் முதல் மரவள்ளித் திப்பி வரை சத்து அளவுகள் அதில் உள்ளன. நல்ல தளம்தான். ஆனால் அந்த எண்கள் பல நாட்டு மாதிரிகளின் சராசரி. ஆத்தூர் ஆலையில் வெளிவரும் திப்பியில் எவ்வளவு மணல், எவ்வளவு ஈரம் என்பது அங்கே தெரியாது. நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து ஆய்வில் இந்தப் பொருந்தாமை இன்னும் கடுமை. கோழியிலும் மற்ற உணவு விலங்குகளிலும் கொலிஸ்டினை இந்திய அரசு 2019 ஜூலையில் தடை செய்தபின், எதிர்ப்புத்திறன் ஆய்வுகள் பெருகின. ஐரோப்பிய யூகாஸ்ட் அமைப்பு தன் அளவுகோல் அட்டவணைகளை இலவசமாக வெளியிடுகிறது. அவை மனித நோயாளிக்கானவை. கோழிக் குடலிலிருந்து எடுத்த ஈ.கோலிக்கு அதை அப்படியே வைத்து 'எதிர்க்கிறது', 'மடிகிறது' என்று எழுதுவது எளிது, சரியாகாது. கால்நடைக்கென்று தனித் துணைக்குழு வேலை செய்துகொண்டிருக்கிறது.

கட்டுரை படிக்கக் கிடைப்பது பற்றிச் சொல்லாமல் இந்தத் தலைப்பை விட முடியாது. 2024 நவம்பர் 25இல் மத்திய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300க்கும் மேற்பட்ட நிறுவனங்கள். பெரிய காரியம். ஆனால் மத்திய, மாநில அரசுகள் நடத்தும் நிறுவனங்களுக்குத்தான் இது. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் அறிவியல் படிக்கிற பிள்ளைகளில் கணிசமானவர்கள் சுயநிதிக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். அரசு வளாகத்தில் திறக்கிற அதே கட்டுரை, தனியார் வளாகத்தில் முப்பது, நாற்பது டாலர் கேட்கும். இத்தனை நாள் அந்த இடைவெளியை அடைத்தது எது என்று எல்லோருக்கும் தெரியும், யாரும் மேடையில் சொல்வதில்லை. 2011இல் அலெக்சாண்ட்ரா எல்பாக்கியான் தொடங்கிய சை-ஹப் மீது எல்சேவியர் உள்ளிட்ட பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் தளத்தை முடக்க உத்தரவு வந்தது.

சட்டப்படியான வழிகள் மிச்சம் இருக்கின்றன, நினைப்பதைவிட அதிகமாகவே. அன்பேவால் என்ற உலாவிச் செருகியைப் போட்டுவைத்தால், கட்டுரையின் இலவசப் பிரதி எங்காவது சட்டப்படி இருந்தால் பச்சைப் பூட்டு காட்டும். பப்மெட் சென்ட்ரலில் முழுக் கட்டுரைகள் இருக்கின்றன. பயோஆர்க்கைவில் 2013 முதல் முன்பதிப்புகள். ஆசிரியருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பினால் பெரும்பாலும் பிடிஎஃப் வந்துவிடும். நம் மாணவர்கள் கூச்சத்தில் எழுதுவதில்லை.

செய்முறைக் குறிப்புகளுக்கு நான் முதலில் கைகாட்டுவது வெளிநாட்டுத் தளத்தை அல்ல. புரோட்டோகால்ஸ்.ஐஓ நல்லது, பயோ-புரோட்டோகால் நல்லது. ஆனால் அவற்றில் வரும் கிட் விலையும் கருவியும் நமக்கு எட்டாது. இன்ஃப்ளிப்நெட் நடத்தும் ஷோத்கங்காவில் லட்சக்கணக்கான இந்திய ஆய்வேடுகள் இலவசமாக இருக்கின்றன. வேளாண், கால்நடைத் துறைகளுக்கு கிரிஷிகோஷ். ஒரு ஆய்வேட்டின் முன்னுரையை யாரும் படிக்க வேண்டாம். 'பொருள்களும் முறைகளும்' அத்தியாயத்தைத் திறங்கள். கிட் இல்லாமல் ஃபீனால்-குளோரோஃபார்மில் டிஎன்ஏ எடுத்தது எப்படி, எந்த இந்திய நிறுவனத்து அகாரை எத்தனை கிராம் போட்டார்கள், எவ்வளவு நேரம் ஜெல் ஓட்டினார்கள் என்று நம் ஊர் விலைக்கும் நம் ஊர் வெப்பத்துக்கும் ஏற்ற குறிப்பு அங்கே இருக்கும். கட்டுரையில் இரண்டு வரியில் சுருங்கிப்போவது ஆய்வேட்டில் நான்கு பக்கம் விரிந்திருக்கும். காப்பியடித்த அத்தியாயங்களும் உண்டு. ஒரே எழுத்துப்பிழை நான்கு ஆய்வேடுகளில் வந்தால் யாரிடமிருந்து யார் என்று தேட வேண்டியதில்லை, நான்கையும் மூடிவிடலாம்.

பாதுகாப்புக்கு ஒரு பத்தி போதும். பல கல்லூரிகளில் ரசாயனங்களை இன்னமும் அகரவரிசையில் அடுக்குகிறார்கள். ஆங்கில எழுத்துப்படி அசிட்டோனும் அமோனியம் நைட்ரேட்டும் ஒரே தட்டில் வந்து உட்காரும். ஒன்று எளிதில் தீப்பற்றும், மற்றது தீயை வளர்க்கும். பப்கெம் தளத்தில் ஏராளமான ரசாயனங்களுக்கு ஆய்வகப் பாதுகாப்புச் சுருக்கம் உண்டு. அமெரிக்க அரசின் கேமியோ கெமிக்கல்ஸ் தளத்தில் இரண்டு பொருள்களைக் கொடுத்தால் சேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்லும். அரைநாள் உட்கார்ந்தால் அலமாரியை மாற்றி அடுக்கிவிடலாம்.

கொல்லிமலையும் சேர்வராயன் மலையும் பக்கத்திலேயே இருப்பதால், இந்த வட்டாரத்தின் உயிர்தொழில்நுட்பத் துறைகளில் மூலிகை ஆய்வு வற்றாத ஊற்று. இலையைப் பறி, சாறு எடு, ப்ளேட்டில் ஊற்று, வளையத்தை அள. வளையத்தை அளவுகோல் வைத்து அளப்பதைவிட படமெடுத்து இமேஜ்ஜே மென்பொருளில் அளப்பது மேல். வேய்ன் ராஸ்பேண்ட் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் இருந்தபடி எழுதி இலவசமாக விட்டது. செடியின் பெயருக்கு இங்கிலாந்தின் கியூ தோட்டம் நடத்தும் உலகத் தாவரத் தளம். எந்தச் செடியில் எந்த வேதிப்பொருள் என்பதற்கு, சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் உருவாகி 2018இல் வெளியான இம்பாட் தரவுத்தளம். பழைய நூல்களில் சிதறிக் கிடந்ததையெல்லாம் ஆட்களை வைத்துத் தொகுத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் பிறந்த இந்தத் தளத்தை மேற்கோள் காட்டாமல், எங்கிருந்தோ நகலெடுத்த வேதிப்பொருள் பட்டியலைப் போடும் திட்டப்பணிகளைக் காணும்போது எரிச்சல் வருகிறது. செடி அந்தச் செடிதானா என்ற சான்றுக்கு மட்டும் இன்னமும் கோவைக்குப் போய் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் உலர்தாவரத் தொகுப்பில் காட்ட வேண்டும். அது நல்ல வழக்கம்; நீடிக்கட்டும்.

ஊற்று வற்றாததற்கு இன்னொரு காரணம் 'டாக்கிங்'. புரதத்தின் முப்பரிமாண வடிவம் பிடிபியில் கிடைக்கும். 1971இல் ஏழே வடிவங்களோடு தொடங்கிய களஞ்சியம் அது. இல்லாவிட்டால் ஆல்ஃபாஃபோல்டு, 2022இல் இருபது கோடிக்கும் மேற்பட்ட புரதங்களுக்குக் கணித்த வடிவங்களை வெளியிட்டது, 2024இல் தன்னை உருவாக்கியவர்களுக்கு வேதியியல் நோபலில் பங்கு வாங்கித் தந்தது. மூலிகை மூலக்கூறை அதில் பொருத்தி, ஓர் எண் வாங்கி, 'மருந்தாகும் வாய்ப்புண்டு' என்று முடித்துவிடலாம். ரசாயனச் செலவு ஒரு பைசா இல்லை. ஆல்ஃபாஃபோல்டு தன் படத்திலேயே நிறம் போட்டுக் காட்டுகிறது. கரும்நீலம் என்றால் நம்பிக்கை அதிகம், ஆரஞ்சு என்றால் இந்தப் பகுதியை நம்பாதே என்று பொருள். ஆரஞ்சு இழை சுருண்டு கிடக்கும் இடத்தில் மூலக்கூறைப் பொருத்தி வைத்த படங்களை அச்சில் பார்க்கலாம். ப்ளேட்டில் சோதிக்காத டாக்கிங்கை நான் ஆய்வின் முதல் பாதியாகக்கூட எண்ண மாட்டேன்.

அப்படிப்பட்ட கட்டுரைகளை வெளியிடுவதற்கென்றே இதழ்கள் இருந்தன, இருக்கின்றன. பல்கலைக்கழக மானியக் குழு 2018 மே மாதம் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியது. 2022 முதல் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை கட்டாயமில்லை என்றும் விதி தளர்ந்தது. பணம் கேட்கும் இதழின் பெயரை, திறந்த அணுகல் இதழ்களைப் பட்டியலிடும் டிஓஏஜே தளத்தில் தேடினால் பாதி சந்தேகம் தீரும். மேற்கோள் காட்டப்போகும் கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று ரிட்ராக்‌ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் பார்ப்பதற்கு ஒரு நிமிடம். செயற்கை நுண்ணறிவு அரட்டைக் கருவிகள் இல்லாத கட்டுரைகளை இருப்பதுபோல் சொல்லும் பழக்கமுடையவை. அவை தரும் ஒவ்வொரு மேற்கோளையும் கட்டுரைத் தேடல் தளமான பப்மெட்டில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

அந்த பப்மெட்டும் அமெரிக்க அரசின் நிதியில் ஓடுகிறது. 2025 மார்ச் தொடக்கத்தில் அது சில மணி நேரம் முடங்கியபோது உலகம் முழுக்கப் பதற்றம் எழுந்தது. அந்த ஆண்டே ஜெர்மனியின் மருத்துவ மைய நூலகம் மாற்று ஏற்பாடு ஒன்றைத் தொடங்குவதாக அறிவித்தது. ஐரோப்பிய பிஎம்சி ஏற்கெனவே இருக்கிறது. இந்தியாவில் 2022 நவம்பரில் ஃபரீதாபாத்தில் இந்திய உயிரியல் தரவு மையம் திறந்தது. ஒரு நாட்டின் வரவு செலவுத் திட்டத்தை நம்பி நம் ஆய்வகத்தின் அன்றாடம் ஓடக்கூடாது என்றால், நம்மிடமும் தரவு சேர வேண்டும்.

சேர்ப்பதில்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். வரிசையை ஜென்பேங்கில் போடுவது, பதிவெண் கேட்கும் இதழுக்காக மட்டுமே நடக்கிறது. எந்த ஊர், எந்த மாதம், எந்தக் கோழி, என்ன வயது என்ற கட்டங்களை வெறும் 'இந்தியா' என்று நிரப்பிவிட்டுப் போகிறார்கள். இடமும் நாளும் கட்டாயம் என்று மூன்று களஞ்சியங்களும் 2023இலிருந்து விதி கொண்டுவந்ததே இந்தச் சோம்பலுக்காகத்தான். நம் ஊர்ச் சோம்பல் மட்டுமில்லை, உலகச் சோம்பல். வெள்ளைக்கழிச்சல் வைரஸின் பதிவில் மாவட்டமும், மந்தைக்கு ஆர்2பி போட்ட தேதியும் இருந்தால், அடுத்து அதே வரிசையை ஒப்பிடுகிறவருக்கு மேலே சொன்ன குழப்பமே வராது. ஜெல் படங்களையும் அளவீட்டுக் கோப்புகளையும் ஐரோப்பாவின் செர்ன் நடத்தும் ஸெனோடோவில் இலவசமாக வைக்கலாம், டிஓஐ எண்ணும் கிடைக்கும். வேலை செய்யாத பிரைமர்களின் பட்டியலைக்கூட அங்கே வைக்கலாம். அதே பிரைமருக்குப் பணம் கட்டப்போகிற இன்னொரு துறைக்கு அது பெரிய உபகாரம். கட்டுரைக்கு முன்பே யாராவது திருடிவிடுவார்கள் என்ற பயத்துக்கும் இடமில்லை. வெளியீட்டு நாள் குறித்துப் பதிவை அதுவரை மூடி வைக்க ஜென்பேங்கிலும் ஸெனோடோவிலும் வசதி உண்டு. நெறியாளர் ஒரு பிற்பகலை ஒதுக்கி மாணவரோடு உட்கார்ந்தால் முதல் பதிவு முடிந்துவிடும். அடுத்தவற்றை மாணவரே செய்துகொள்வார்.